கறக்காத மாட்டுக்குப் புண்ணாக்கு

பக்கத்து வீட்டில் சீம்பால் காய்ச்சுகிறார்கள். வெல்லமும் ஏலக்காயுமாக வாசனை திருப்பாதிரிப்புலியூரின் இந்த வாடகை அறைக்குள் வந்ததும், கன்றுக்கு மிச்சம் வைத்தார்களா என்றுதான் தோன்றியது. என்னை இப்படி ஆக்கியவன் நீ.

நீ கூலிக்குப் போன கரும்பு ஆலையிலிருந்து, சாற்றின் இனிப்பு பார்க்கும் சாண் நீளக் குழாயோடு ஒருநாள் வந்தாய். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு கோடு தெரியும்; சாறு கெட்டியானால் கோடு உயரும். "மச்சான், இதுல சீம்பால் வுட்டா என்னா காட்டும்?"

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ச் செல்வி அக்கா உன் மாமாவின் மாட்டை வாரத்துக்கு, கன்றில் பங்கு என்ற பேச்சில், வளர்த்தாள். முதல் கன்று மாமாவுக்கு, அடுத்தது அவளுக்கு. இப்போது வயிற்றில் இருந்தது அவள் பங்கு. அவளுக்கென்று வரப்போகும் முதல் மாடு. ஆனால் பால் வற்றியதும் மாமா தீனியை நிறுத்திவிட்டார். சினை மாட்டுக்கு வெறும் வைக்கோல்.

"கறக்காத மாட்டுக்குப் புண்ணாக்கா? நல்லா இருக்குடா மாப்ள ஒன் கத!"

"அது கறக்கலதான் மாமா. உள்ள கன்னு வளருதே?"

மாமா சிரித்தார். நீ உன் கூலியில் புண்ணாக்கும் தாது உப்பும் வாங்கிப் போட்டாய். எங்கேயோ படித்ததை எனக்கு வகுப்பெடுத்தாய்: "வயித்துல இருக்கச்சே கன்னுக்கு நோய எதுக்குற சக்தி போவாதாம் மச்சான். பொறந்த ஒடனே சீம்பால்லதான் போவணும். கொடல்ல குடியேறுற கிருமிகூட அம்மா தின்னதப் பொறுத்து மாறுமாம்."

மாடு ஈன்ற காலையில் மாமா தூக்கோடு வந்து நின்றார். முதல் பால் மாட்டுக்காரர் வீட்டுக்குப் போவது வழக்கம். அக்கா தலைகுனிந்து நின்றாள். நீ குனியவில்லை.

"மொதப் பால் கன்னு வயித்துல இருக்கு மாமா. நாளைக்குச் சாணியா வரும், வந்து எடுத்துக்குங்க."

ஒரு சொட்டு மட்டும் எடுத்துப் பார்த்திருந்தாய்; குழாயில் கோடு உயரத்தில் நின்றது, சத்தான சீம்பால். அதே வாரம் மாமாவின் தொழுவத்தில் வைக்கோல் தின்ற மாடும் ஈன்றது. அதன் சீம்பாலில் கோடு கீழே. நீ துள்ளினாய்.

"ரெண்டு மாட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுடா" என்றேன்.

"சொல்ல வேணாம். கேக்கலாம்ல?"

அக்காவின் கன்று மஞ்சளாய்க் குழைவாய்ச் சாணி போட்டது. அதைக் குனிந்து மோந்து பார்த்தாய். "ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றாள் அக்கா. மாமாவின் கன்று மூன்று நாள் கழிச்சலில் கிடந்து, பிறகு எழுந்து நின்றுவிட்டது. அதுதான் உன்னைத் தூங்கவிடவில்லை. "அது எப்டிடா பொழச்சுது?" இரண்டின் சாணியையும் நான் வேலை பார்த்த சிதம்பரம் லேபுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னாய். அதற்குள் கரும்பு லாரி உன் பைக்கின் மேல் ஏறிவிட்டது.

மாமா உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் தொழுவத்தில் இன்றைக்கும் சினை மாட்டுக்கு வைக்கோல்தான்.

அக்காவின் அந்தக் கன்று வளர்ந்து கிடேரியாகி, இப்போது தலைச்சினை. "கறக்கறதுக்கு முன்னாடியே புண்ணாக்கு திங்குதுன்னு ஊரே சிரிக்குது. சிரிக்கட்டும்" என்கிறாள்.

அந்த இன்னொரு கன்று எப்படிப் பிழைத்தது என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்போது கடலூரில் ஒரு லேபில் இருக்கிறேன். வயிற்றுப்போக்கென்று மெலிந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தாய்மாரிடம் கேட்கிறேன்.

"இது வயித்துல இருக்கச்சே நீ என்னாம்மா சாப்ட்ட?"

பல பேர் பதில் சொல்வதற்கு முன்னால் புருஷன் முகத்தைப் பார்க்கிறார்கள்.