கமொரிகி கட்டிய பாட்டு

3 ஜூன் 1997, செவ்வாய்

என் மகன் டெகேயாவின் சாவைக் கமொரிகி பாட்டாகக் கட்டிவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. டெகேயாவைப் பெற்ற என் மனைவி ரகேராவிடமும் கேட்கவில்லை. இதுதான் நடந்த அநியாயம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நேற்று எங்கள் தீவில் சுதந்திர நாள் ஆட்டத்துக்கு ஒத்திகை என்று ஊர்க்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு உரிய தூணடியில் போய் உட்கார்ந்தேன். நாற்பது பேர் மரப்பெட்டியைச் சுற்றி அமர்ந்து அதைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். முதல் பத்தியில் ஒரு படகு, எஞ்சின் நிற்கிறது. இரண்டாம் பத்தியில் இரண்டு பேர், ஒரு தண்ணீர்க் கேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதுவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் போலீஸ்காரன் கொடுத்த நான்கு வரிக் காகிதம். இருபத்தொன்பது நாள் மிதந்தார்கள். இருபத்திரண்டாம் நாள் டெகேயா இறந்தான். உடலைக் கடலில் விட்டாயிற்று. மீன்பிடிக் கப்பல் ஒன்று கூடப் போன கமொரிகியைத் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடத்தில், பெட்டித் தட்டலோடு கேட்கிறேன்.

இதையும் எழுதத்தான் வேண்டும். மூன்றாம் பத்தியில் பாட்டு ஏறியபோது என் தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. பாட்டு உடம்புக்குள் புகுந்துவிட்டால் எங்கள் ஆட்கள் அப்படிக் கூவுவார்கள். பாட்டுக் கட்டியவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த மரியாதையை நான் அவனுக்குச் செய்தேன். நான்!

5 ஜூன், வியாழன்

கமொரிகியை எனக்கு ஏன் பிடிக்காது என்று ரகேரா கேட்டாள். புளித்த கள்ளைக் குடித்துவிட்டுத் தேவாலய வாசலில் தூங்குகிறவன். பேசினால் எதிரே இருப்பவரைப் பார்க்காமல் தன் விரல் நகத்தைப் பார்ப்பவன். காற்று மாறும் நவம்பர் மாதம் கடலுக்குப் போகிறவன் படகு எஞ்சினுக்கு மாற்று ஸ்பார்க் பிளக் ஒன்று எடுத்துப் போகவில்லை. பதினோரு வருடம் கப்பல் எஞ்சின் அறையில் நானாகவே படித்துத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்: ஒரே ஒரு பிளக். கைக்குள் அடங்கும்.

ஜனவரியில் ஊர் திரும்பினான். அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது. பிழைத்து வந்தவன் செத்தவனின் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும். அவன் வரவில்லை.

7 ஜூன், சனி

பெரியவர்கள் கூடினார்கள். என் தூணடியிலிருந்து எழுந்து சொன்னேன்: இந்தப் பாட்டு நிற்க வேண்டும். தலைமைப் பெரியவர் டபுயா தாடையைச் சொறிந்தார். "உன் பிள்ளை, உன் பேச்சு. நீ வேணாம்னா வேணாம். ஆனா ஒரு மாசம் யோசி. ஜூலை அஞ்சாந்தேதி கடைசியா சொல்லு. அதுவரைக்கும் அவங்க பழகட்டும்."

யோசிக்க என்ன இருக்கிறது?

11 ஜூன், புதன்

மானம் போயிற்று.

காலையில் வழக்கம்போலப் பாளை சீவ மரம் ஏறினேன். மேலே இருப்பவன் பாடிக்கொண்டே சீவ வேண்டும். கீழே குளிக்கிறவர்களுக்கு மரத்தில் ஆள் இருப்பது தெரிய வேண்டுமே. ஐம்பது வருடப் பழக்கம், வாய் தானாகப் பாடும். எதைப் பாடுகிறோம் என்று கவனிப்பதில்லை. இறங்கினால் அடியில் டபுயா நிற்கிறார். கூட நாலு பேர், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஏம்பா பௌரோ, கூடத்துல பாட்டை நிறுத்துங்கறே. மரத்துல ஏறி நீயே ஊருக்கெல்லாம் கத்தறே. நாங்க எந்தப் பௌரோ சொல்றதக் கேக்கறது? மேல இருக்கறவனா, கீழ இருக்கறவனா?"

"நான் அதைப் பாடல."

"மூணு பத்தியும் பாடினே. ரெண்டாவதுல ஒரு இடம் தப்பு."

ரகேரா சொல்கிறாள், மூன்று நாளாகவே பாடுகிறேனாம். ஏன்டி சொல்லவில்லை என்றேன். "நல்லா இருந்துச்சு, அதான்" என்றாள்.

12 ஜூன்

இன்று பழைய துதிப்பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு சீவினேன். பாதியில் அது இதுவாக மாறிவிட்டது. வாயை மூடிக்கொண்டு சீவியதில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன்.

அவனைப் போன்றவனுக்கு இப்படி ஒரு மெட்டு எங்கிருந்து வந்தது? எங்கிருந்து?

21 ஜூன், சனி

மூன்றாம் பத்தியை எழுதி வைக்கிறேன். என் வாய்க்குள்ளேயே இருந்து தொந்தரவு செய்வதற்குப் பதில் காகிதத்தில் இருக்கட்டும்.

மழை தூரத்தில் நின்றது. கூப்பிட்டும் வராத பன்றி போல் நின்றது. என் தோழன் அதைப் பார்த்துச் சிரித்தான், சிரித்தபடியே போனான்.

இன்று ரகேரா மீன் சாப்பிட்டாள். பிள்ளை காணாமல் போன நவம்பரிலிருந்து அவள் கடல் மீனைத் தொடவில்லை. எந்த மீன் அவனைத் தின்றதோ என்பாள். ஏழு மாதமாகக் கிழங்கும் தேங்காயும்தான். இன்று நான் சுட்டு வைத்த சூரை மீனில் பாதியைத் தானாக எடுத்துக்கொண்டாள். முள்ளை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "பன்னி மாதிரி நிக்குதுன்னு சொல்லியிருக்கான் பாருங்க. நம்ம புள்ள பேச்சுதான் அது. கடைசிலயும் சிரிச்சிருக்கான்."

28 ஜூன், சனி

கமொரிகி வீட்டுக்குப் போனேன். அவன் வரமாட்டான், அதனால் நான் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டேன்.

"எம்புள்ள கடைசியில சிரிச்சானா?"

நகத்தைப் பார்த்தான். "இல்ல."

"என்ன இல்ல?"

"சிரிக்கல பெரியவரே. நாலு நாளா பேச்சே இல்ல. நாக்கு வீங்கி வாய் மூடல. பன்னின்னு சொன்னது நான். அவன் சிரிப்பான்னு நெனச்சுச் சொன்னேன். சிரிக்கல."

"அப்புறம் ஏன்டா அப்படிக் கட்டினே?"

"அந்த எடத்துல தாளம் ஏறுது. அங்க போயி அழுகைய வெச்சா ஆடறவங்க கை கீழ விழுந்துடும்."

கை கீழே விழுந்துவிடுமாம்! என் பிள்ளையின் சாவு — ஆட்டக்காரர்களின் கை. அவனை அடித்திருப்பேன். "எங்க வீட்டுக்கு ஏன் வரல?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்தா அந்த அம்மா கேப்பாங்க. எனக்கு வாயில பொய் வராது. பாட்டுலதான் வரும்."

வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ரகேரா உள்ளே பாய் முடைந்துகொண்டே பாடினாள். மூன்றாம் பத்தி. சிரித்தபடியே போனான், சிரித்தபடியே போனான் — அந்த இடத்தை அவள் இரண்டு முறை பாடுகிறாள்.

1 ஜூலை

பொய் என்று தெரிந்த பிறகும் அந்த இடம் வரும்போது மயிர் சிலிர்க்கிறது. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

5 ஜூலை, சனி

ஊர்க்கூடத்தில் டபுயா என்னைப் பார்த்தார். பெண்கள் வரிசையிலிருந்து ரகேராவும் பார்த்தாள். கமொரிகி யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன்: இது பொய்ப் பாட்டு, கட்டியவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம்.

"பாடட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டபுயா சிரித்தார். "மரத்து மேல இருக்கற பௌரோ ஜெயிச்சுட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

12 ஜூலை, சனி

சுதந்திர நாள். பாடினார்கள். முன்வரிசையில் ஆடிய பெண் ஒருத்தி மூன்றாம் பத்தியில் அழுதுவிட்டாள். கை விழவில்லை. அவன் கணக்குச் சரிதான், பாவி. நான் கூவவில்லை. ரகேரா கூவினாள்.

13 ஜூலை, ஞாயிறு

அவனை மன்னிக்கவில்லை. ரகேரா அவனை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்கிறாள். ஆகவே:

கமொரிகி அடுத்த சனிக்கிழமைக்குள் வர வேண்டும். குடிக்காமல்.

வந்து பாயில் உட்கார வேண்டும். நகத்தைப் பார்க்கக் கூடாது.

என்னிடம் சொன்னதை அவன் இன்னொரு உயிரிடம் சொல்லக் கூடாது. மனைவியிடம்கூட, போதையில்கூட.

பாட்டுக் குழு தலைநகர் தராவாவுக்குப் போட்டிக்குப் போகும்போது மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. இதை டபுயா பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

நான் ஜூன் 28ஆம் தேதித் தாளைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும். ரகேராவுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் நானும் யாரும் சொல்லித் தராமல்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன்.

அவள் கேட்பாள், சிரித்தானா என்று. அவன் அவள் முகத்தைப் பார்த்து, பாடாமல், வெறும் பேச்சில், ஆமாம் என்று சொல்ல வேண்டும். வாயில் வராவிட்டால் வரும்வரை என்னிடம் வந்து பழக வேண்டும். நாளையிலிருந்து, விடிந்ததும்.