இரண்டு ராகு காலமும் ஒரு நானூறு மீட்டரும்

ஓட்டப் போட்டி அன்று என் தலைமயிரைப் புருவமும் சேர்ந்து மேலே ஏறும்படி இழுத்துப் பின்னிவிட்ட அன்பு அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். கிரவீனில் நம் வீட்டு வளவில் நீங்கள் நட்ட கறிவேப்பிலை நீங்கள் கண்மூடிய பிறகு இரண்டு குளிரைத் தாண்டிவிட்டது. அப்பா சமைக்கப் பழகிவிட்டார். பருப்பு மட்டும் இன்னும் அடிப்பிடிக்கிறது. ஒரு புதுச் செய்தியும் உண்டு. எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் தடகள அணிக்கு இந்த வருடம் நான்தான் பொறுப்பாளர். அடுத்த கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்ண் போகிறேன், நான் ஓடிய அதே பல்கலைக்கழகப் போட்டிக்கு.

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் உங்களைத்தான் நினைத்தேன். பெண்கள் நானூறு மீட்டர், முதல் சுற்று, சனிக்கிழமை காலை ஒன்பதரை. சிரிக்காதீர்கள்.

நான் ஓடிய வருடமும் அதே ஒன்பதரைதானே? சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்பது நம் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, அலுமாரியோடு வந்த லொறிக்காரர்களைப் புல்லில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ராகு போகும்வரை காக்க வைத்தவர் நீங்கள். உள்ளே யாருக்காவது குழந்தை பிறக்கப்போகிறதா என்று அவர்களில் ஒருவன் அப்பாவிடம் மெல்லக் கேட்டான்.

இதையெல்லாம் நம்பாதவள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன் அம்மா, அந்த வருட நிரலில் ஒன்பதரை என்று பார்த்ததுமே நான் பயந்துபோனேன். போட்டியன்று காலை, நீங்களும் அப்பாவும் என்னோடு வந்து தங்கிய மெல்பேர்ண் விடுதியில் பாண் துண்டை விழுங்க முடியாமல் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். ஒரு வருடம் பயிற்சி எடுத்திருந்தும் ஓடாமல் விட ஒரு சாட்டுக் கிடைக்காதா என்றுகூட யோசித்தேன்.

நீங்கள் என் தட்டைப் பார்த்தீர்கள். பிறகு கைப்பையைத் திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து மாமா அனுப்பியிருந்த கலண்டரை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

“பிள்ளை, இது ஊர்க் கலண்டர். ஊர் நேரம்தான் கணக்கு. நீ ஓடேக்கை அங்கை அஞ்சு மணி, விடிஞ்சும் இராது. ராகு எழும்ப இன்னும் கனநேரம் கிடக்கு. சாப்பிடு.”

மெல்பேர்ணுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள நாலரை மணித்தியாலத்தை ஒன்பதரையிலிருந்து கழித்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. பாணைச் சாப்பிட்டேன், முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தேன்.

பிறகுதான் வில்லங்கம். இறுதி ஓட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கு. அதே நாலரையைக் கழித்தால் ஊரில் காலை ஒன்பதரை, அச்சொட்டாக ராகு காலம்! விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பதறிக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தேன்.

“நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம்?” என்றீர்கள். “மெல்பேர்ணிலை. இஞ்சத்தை வெயில், இஞ்சத்தை நேரம். சனிக்கிழமை பின்னேரத்திலை என்ன ராகு? போய் ஓடு.”

“காலமை வேறை மாதிரியெல்லோ சொன்னியள்?”

“காலமை காலமைதான். போ பிள்ளை.”

போனேன். மூன்றாவதாக வந்தேன். அந்தப் பதக்கம் இன்னும் சாமியறையில்தான் தொங்குகிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒருவரையும் நீங்கள் அந்த ஓட்டத்தைச் சொல்லாமல் அனுப்பவில்லை. கடைசி வளைவில் நான் சிவப்புப் பனியன்காரியை முந்திய கட்டம் வரும்போது எழுந்தே நிற்பீர்கள். அம்மா, சிவப்புப் பனியனில் ஒருத்தியுமே ஓடவில்லை என்று எத்தனை தரம் சொன்னேன்? “உனக்கென்ன தெரியும், நீ முன்னாலை பாத்தெல்லோ ஓடினனி” என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நிரலைக் காட்டி, அந்தச் சிவப்புப் பனியன் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

“கொம்மா எங்கை பாத்தவ?” என்றார். “ரெண்டு ஓட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா எண்டு நிண்டவ. காலமை ஒன்பதிலை இருந்து பத்தரை மட்டும். பின்னேரம் ஒண்டரையிலை இருந்து மூண்டு மட்டும். கதிரையிலை இருக்கேல்லை, ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கேல்லை. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டவ.”

மெல்பேர்ண் ராகு காலம் ஒன்று, யாழ்ப்பாண ராகு காலம் ஒன்று. இரண்டையும் என்னிடமிருந்து வாங்கி நீங்களே வைத்துக்கொண்டீர்களா அம்மா? நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன். பிறகு அந்தச் சிவப்புப் பனியன் நினைவுக்கு வர, அழுதபடியே சிரித்தேன். மனம் நிறைந்துபோய் இருக்கிறது.

என் அணியில் நானூறு மீட்டர் ஓடுகிறவள் எலெனி என்று ஒரு கிரேக்கப் பிள்ளை. கண்ணூறு படாமல் இருக்க அவளுடைய அம்மா பனியனின் உட்பக்கம் ஒரு நீலமணி குத்தி அனுப்பியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அது கழன்று விழாமல் நான் இன்னொரு ஊசி குத்திவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை அவள் ஓடும்போது நானும் கதிரையில் உட்கார மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் கண்ணை மூடாமல் உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பேன். இனி யார் வீட்டுக்கு வந்து கேட்டாலும், கடைசி வளைவில் சிவப்புப் பனியன்காரியை முந்தினேன் என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

நீங்கள் பார்க்காத ஓட்டத்தை ஓடிய
உங்கள் மூத்த மகள்,
வசந்தி