வாய்ப்பாட்டுக்கு ஆமென் சொன்னவர்கள்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

ஹாஸ்டலில் இருந்த நாட்களில்கூட இரண்டு வரிக்கு மேல் எழுதாத மகள்தான் எழுதுகிறேன். இன்று கை நிற்க மாட்டேன் என்கிறது. அப்பா, உங்களுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது! இங்கே, அமெரிக்காவில், இந்த இர்விங்கில், என் அபார்ட்மென்டுக்குப் பக்கத்திலேயே இத்தனை நாள் இருந்திருக்கிறாள்.

அம்மாவை முதியோர் டேகேரில் சேர்த்தேன். பயப்படாதீர்கள், காலையில் வேனில் போய் மாலையில் திரும்பிவிடுவாள். முதல் நாள் நானும் கூடப் போனேன். எங்கள் மேசைக்குப் பரிமாறியவள் பெயர் நியாங். பர்மா எல்லை மலைக்காரி, என் வயதுதான் இருக்கும். அம்மாவுக்குத்தான் பர்மிய மொழி கிடைத்தால் போதுமே, காலையிலிருந்தே இருவரும் ஒரே பேச்சு.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு மேசையிலும் அவரவர் வழக்கப்படி பிரார்த்தனை செய்கிறார்கள். எங்கள் முறை வந்தபோது, தனக்கு ஒரு தமிழ்ப் பிரார்த்தனை தெரியும் என்றாள் நியாங். கண்ணை மூடினாள், கையைக் கோத்தாள்.

"ஓரிரண்டு ரெண்டு. ஈரிரண்டு நாலு. மூவிரண்டு ஆறு..."

இருபது வரைக்கும் போய், "ஆமென்" என்று முடித்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த திருநெல்வேலி அங்கிளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஏம்மா, இது ரெண்டாம் வாய்ப்பாடும்மா! ப்ரேயர் இல்ல, மேத்ஸ்!"

நியாங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லை அங்கிள், இது பிரார்த்தனைதான். எங்கள் ரேடியோ அங்கிள் தினமும் சொல்வார்." அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாதே. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போகவும் முடியாமல், மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்ட தமிழர்களில் நீங்களும் ஒருவர். ரேடியோ மெக்கானிக். தங்கள் இனத்துக்குத் தனி நாடு கேட்டு மலைகளில் ஆயுதத்தோடு அலைந்தவர்களை ஊரில் அண்டர்கிரவுண்ட்காரர்கள் என்பார்கள். இயக்கம் என்று நான் எழுதினால் தமிழர்கள் வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள், அதனால் ஊர்ச் சொல்லே இருக்கட்டும். தங்கள் வயர்லெஸ் பெட்டிகளைச் சரிசெய்ய ஆள் வேண்டுமென்று அவர்கள் உங்களைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, கண்ணைக் கட்டிக் கூட்டிப் போனார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்து, மறுபடி கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த மாதமே ராணுவம் அவர்கள் முகாமைச் சுற்றி வளைத்தது. அதில் சிலர் செத்தார்கள்.

ஊர் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது: வழி காட்டியது நீங்கள்தான். ஆள்காட்டி. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் நாம் வியாசர்பாடிக்கு வந்தோம். அந்தப் பெயரோடுதான் நீங்கள் இறந்தும் போனீர்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் ஒன்றுதான் சொன்னீர்கள்: வழி காட்டவில்லை, ரேடியோ பார்த்தேன், பிரார்த்தனை சொன்னேன். அவர்கள் வழக்கப்படி, சாப்பிட உட்கார்ந்தவர்களில் வயதில் மூத்தவர்தான் பிரார்த்தனை சொல்ல வேண்டும். மூத்தவர் நீங்கள். "நம்ம சாமி பாட்டுக்கு அவங்க ஆமென் போட்டா சாமிக்கே குழப்பமாயிடும்ல? அதான் வாய்ப்பாடு சொன்னேன்" என்பீர்கள். இத்தனை வேடிக்கையான கதை சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று ஊர் நினைத்தது. எனக்கு எதை நினைப்பதென்றே தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், ஆதாரம் இல்லாததை நம்பவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன்.

அதனால் அன்றும் உடனே துள்ளவில்லை. சாப்பாடு முடிந்ததும் நியாங்கைத் தனியாக உட்கார வைத்தேன். நான் யார் என்று சொல்லாமலே கேட்டேன்.

"ராணுவம் வந்த முகாமில் அந்த ரேடியோ அங்கிள் இருந்தாரா?"

"அங்கேயா? அவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லையே. அவரைக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் நாங்கள் ஆற்றைத் தாண்டிப் போய்ப் புது முகாம் போட்டோம். சமையல்கூடத்துக்குத் தகரம் சுமந்ததே நான்தான்."

அப்பா, கேட்டீர்களா? பார்க்காத இடத்துக்கு நீங்கள் எப்படி வழி காட்டியிருக்க முடியும்?

ஒரு சாட்சி போதாது. அங்கே காவலுக்கு நின்ற அவள் அண்ணன் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறானாம். அவனுக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அதே கேள்வியை நானே கேட்டேன். அதே பதில். ஆறு, புது முகாம், ரேடியோ அங்கிள் போன பிறகு. "எங்களில் யாருமே அவரைச் சந்தேகப்பட்டதில்லை" என்றும் சொன்னான்.

அப்புறம்தான் நான் யார் என்றும், ஊர் உங்களை ஆள்காட்டி என்றதையும் சொன்னேன். நியாங் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவர் எங்கள் விருந்தாளி" என்றாள்.

"கண்ணைக் கட்டிக் கூட்டிப் போனால் விருந்தாளியா?"

என் கையை விட்டாள். "இல்லை" என்றாள். பிறகு, "அன்று எங்கள் மண்ணைத் தவிர எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நான் துப்பாக்கியும் தூக்கினேன், சோறும் ஆக்கினேன். ஊரில் உங்களை இப்படிப் பேசினார்கள் என்று இன்றுதான் தெரியும்" என்றாள்.

அவளை மன்னித்தேனா? தெரியவில்லை. நீங்களாக இருந்தால் இதற்குள் அவள் வீட்டு டிவியை ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டிருப்பீர்கள்.

காரில் வரும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன், அத்தனை படபடப்பு. அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள்.

"எனக்கு எதுக்குடி சாட்சி? அவரு பொய் சொன்னா காது ரெண்டும் செவந்துரும். அன்னிக்குச் செவக்கல." வீட்டுக்குள் நுழைந்த பிறகு குரல் மாறியது. "கனகாவுக்கு வீடியோ கால் போடு."

கனகா அத்தை, மோரேயில் நம் பக்கத்து வீடு. ஆள்காட்டி என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த அத்தை, "இத்தன வருஷங்கழிச்சு ஏன்க்கா அதெல்லாம் கெளர்ற?" என்றாள்.

"நான் எங்க கெளர்றேன்? நீ பொதச்சத எடுத்து ஒன் கையிலயே குடுக்கறேன்" என்றாள் அம்மா. எண்பதை நெருங்குகிறாள், அப்பா! நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அத்தை அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில் மோரேத் தமிழர்கள் எங்கெங்கிருந்தோ ஸ்கிரீனில் கூடுகிறார்கள். அன்று மறைந்த பெரியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். உங்கள் பெயர் வந்ததே இல்லை. இந்த ஆடியில் நியாங்கை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அவள் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், ஒரு சொல்லையும் மென்மையாக்காமல். உங்களைத் தூக்கிப் போனதையும் சேர்த்தே சொல்வாள், சம்மதித்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் உங்கள் பெயரை அவர்கள் படிக்காவிட்டால் மைக்கை நான் ஆன் செய்வேன். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்காத உங்கள் மகள்தான், ஆனாலும் படிப்பேன். உங்கள் அப்பா பெயரோடு, ஊரோடு, தொழிலோடு, எல்லோருக்கும் கேட்கும்படி.

இப்படிக்கு,
இந்த முறை பேசப்போகிற உங்கள் மூத்த மகள்