பெடலைத்தான் நிமிர்த்த முடிந்தது

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஜீப்பை எமரால்டு கடைவீதியில் மெக்கானிக் முருகேசனிடம் கொண்டுபோனேன். ஆயில் குறையவில்லை. சக்கரத்திலும் கோளாறு இல்லை. கடைசியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டான். பிரேக் பெடலின் தண்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, ஏறி நின்னு மிதிச்ச மாதிரி இருக்குது. யாருங்க ஓட்டுனது?"

நான் மட்டும்தான் ஓட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பழைய வண்டிதானப்பா" என்றேன்.

தண்டைக் காய்ச்சி நிமிர்த்தி, இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்தான். "இனி லேசாத் தொட்டாலே புடிக்குமுங்க. செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சுப் பாருங்க."

மிதித்தேன். பெடல் எங்கே இருக்கிறது என்றே பாதத்துக்குத் தெரியவில்லை. சர்க்கரை வந்ததிலிருந்து மரத்துக்கொண்டே வந்த காலில் இப்போது அறவே உணர்வில்லை. அதனால்தான் பலம் கொண்ட மட்டும் மிதித்திருக்கிறேன். "நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பாமல் முதல் கியரிலேயே வந்தேன். இந்த மலையில் எல்லோரும் கியரில்தான் இறக்குவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எஸ்டேட் வளைவில் வண்டி குலுங்கி நின்றபோதுதான் என் கால் பிரேக்கில் இருந்தது தெரிந்தது.

காலையில் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக வேண்டும். வேறு டிரைவர் இல்லை. எனக்கும் வேறு தொழில் தெரியாது.

குளிருக்குக் கால் வைக்க மனைவி வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். "சூடு போதுங்களா?" என்று கேட்டாள். கால் வாளிக்குள்ளேதான் இருந்தது. கையை விட்டுப் பார்த்துத்தான் போதும் என்றேன்.