பின்வாசல் பூட்டு

செவ்வாய்க்கிழமை, தி. நகர்.

காலையில் இரண்டாம் மாடியில் எவளோ அயர்ன் பாக்ஸை அணைக்காமல் வேலைக்குப் போய்விட்டாள். திரைச்சீலை பற்றிக்கொண்டு முன்படிக்கட்டு முழுக்கப் புகை. விடுதியில் இருந்த பெண்கள் பின்வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். அது பூட்டியிருந்தது. சாவி வார்டனான என் இடுப்பில். நான் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் வருவதற்குள் வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஜெசிந்தா மட்டும் சிவந்த உள்ளங்கையைக் காட்டினாள்.

"பூட்டப் புடிச்சு இழுத்துக்கினே இருந்தேன்க்கா. நீங்க வரவே இல்ல."

இனிப் பூட்டு வேண்டாம், உள்தாழ்ப்பாள் போதும் என்று ஓனரம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ராத்திரி எவளாவது தெறந்துக்கிட்டு வெளிய போனா யாரு பதில் சொல்றது? பொண்ணச் சேக்க வர்ற அப்பா மொதல்ல பாக்குறதே அந்தப் பூட்டத்தான்."

பொய்யில்லை. போன வாரம் வந்தவர்கூட அதை இழுத்துப் பார்த்த பிறகுதான் மகளின் பெட்டியை உள்ளே வைத்தார்.

ஓனரம்மாவிடம் சொல்லாமல் பூட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது தாழ்ப்பாள் மட்டும்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை. தெருவில் நாய் குரைத்தால்கூட எழுந்து உட்காருகிறேன். யாராவது உள்ளே வந்துவிட்டால்? யாராவது வெளியே போய்விட்டால்?

கடைசியில் அந்தக் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துவிட்டேன். அதில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மறுபடி புகை வந்தால் என்னை மிதித்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

மிதிக்கட்டும்.