கிருஷ்ணவேணியின் முன்பல்

மயிலம்
14-6-1964

அன்பு மகன் தேவநாதனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை கிருஷ்ணவேணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மருமகள் பாஞ்சாலியும் சுகந்தானா, அந்த ஊர் வெயில் எப்படி, இரும்பாலையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலையா தள்ளி நிற்கிற வேலையா என்று ஒரு வரி எழுது. மல்லாட்டை இந்த வருஷம் பரவாயில்லை, கடலை திரட்சியாக இருக்கிறது. செவலைக் காளைக்குக் கொம்படியில் புண், வேப்பெண்ணெய் போட்டு வருகிறேன். இத்தோடு கடிதத்தை முடித்துவிடலாமா என்று மூன்று நாளாகப் பார்த்தேன், இரண்டு தாள் கிழித்தாயிற்று. கிழிசலைப் பார்த்த உன் அம்மா, எழுத வேண்டியதை நான் எழுதாவிட்டால் தபாலாபீசுக்குப் போய் யாரையாவது எழுத வைப்பேன் என்கிறாள். ஊர் படிப்பதற்கு முன் நானே எழுதுகிறேன்.

தங்கைக்குக் கண்டமங்கலத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் சின்னதுரை, புதுச்சேரி மில்லுக்குத் தினம் பஸ்ஸில் போய் வருகிறான், நல்ல மாதிரி. போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். நான் காலையிலேயே கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டு, வாயைத் திறக்காதே, கேட்டதற்குத் தலையை ஆட்டு, சிரிப்பு வந்தால் குனிந்துகொள் என்று சொல்லி வைத்தேன். சொல்லவே வேண்டியதில்லை, அந்தப் பாதி உடைந்த முன்பல் தெரியக்கூடாதென்று பன்னிரண்டு வருஷமாக வாய்மேல் கையை வைத்துக்கொண்டுதானே பேசுகிறாள். பையனின் அம்மா அஞ்சம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. பெயர் கேட்டாள், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். என்னென்ன சமைப்பாய் என்றாள், அதற்கும் கை இறங்கவில்லை. பெண்ணுக்கு வாயில் ஏதாவது கோளாறா என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை தேவநாதா. சின்ன வயதில் இவள் அண்ணன் முரட்டுத்தனமாகத் தள்ளிவிட்டதில் பல் ஓரம் உடைந்தது, வேறொன்றுமில்லை என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

அப்போது உன் தங்கை கையை எடுத்தாள். அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அண்ணன் தள்ளலைங்க. அப்பாதான் சொம்ப எடுத்து எறிஞ்சாரு. அண்ணன் அடி வாங்கிக்கினு சும்மா இருந்துச்சு” என்றாள்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் கையால் எழுதாமல் விட்டால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். அந்த வருஷம் ஒரு அமாவாசைக்கு உன் அம்மா என்னை மேல்மலையனூருக்குக் கூட்டிப்போய், அங்காளம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்து, இனி கோபத்தில் யார்மேலும் கை ஓங்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண வைத்தாள். தவறினால் உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருவெண்ணெய்நல்லூரில் அவள் அப்பன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். நாலாம் நாள் களத்தில், புதுக்காளை எப்பேர்ப்பட்ட சாது என்று மல்லாட்டை வியாபாரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அது என் வேட்டியைக் கவ்வி இழுத்து என்னைச் சாணியில் உட்கார வைத்தது. வியாபாரி சிரித்தான், அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையிலிருந்த பித்தளைச் சொம்பு அவள் வாயில் போய்ப் பட்டது. பட்டது என்று எழுதுகிறேன் பார், இன்னும் சொம்பின்மேல்தான் பழி போடுகிறேன். நான் எறிந்தேன். வியாபாரி சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். உன் அம்மா ஓடிவந்தபோது எனக்கு அந்தக் கற்பூரம் ஞாபகம் வந்தது, பக்கத்தில் நீ நின்றாய், இவன்தான் தள்ளிவிட்டான் என்றேன். அவள் உன்னைத் துடைப்பத்தால் அடித்தாள். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அம்மா வீட்டை விட்டுப் போய்விடுவாளே என்று நீயும் சொல்லவில்லை, தங்கையும் சொல்லவில்லை. உனக்குப் பதின்மூன்று வயது. எனக்கு அப்போதே நாக்கு அறுந்து விழுந்திருக்கலாம்.

அதைவிடக் கேவலம், இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளையை நான் பல் டாக்டரிடம் காட்டவில்லை. எப்படி உடைந்தது என்று கேட்பாரே, உன் அம்மா பக்கத்தில் நிற்பாளே என்ற பயம். பிடுங்கிவிட்டுத் தங்கப்பல் கட்டுவார்கள், வயசுப் பெண்ணுக்கு அது எதற்கு என்று சாக்குச் சொல்லி வந்தேன். கண்டமங்கலத்தார் போன பிறகு உன் அம்மா என்னை ஏசவில்லை. “புள்ளைய தொடப்பத்தால அடிச்சேனே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு போடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனேன். அங்கே பல் கட்டுகிறவர் பார்த்த உடனே குறடை எடுத்தார், அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள், எழுந்து வந்துவிட்டோம். பிறகு திண்டிவனத்தில், மதராஸில் படித்த ஒரு டாக்டரிடம் காட்டினேன். வேர் கெட்டியாக இருக்கிறது, பிடுங்கவே வேண்டாம் என்றார். உடைந்த பல்லைக் கொஞ்சம் ராவி, மெழுகு போல ஒன்றை வைத்து அச்சு எடுத்தார். எட்டாம் நாள் மற்றப் பற்களின் நிறத்துக்கே ஒரு உறை செய்து வைத்திருந்தார், பசையைக் குழைத்து அதற்குள் தடவிப் பல்லின்மேல் மாட்டி ஒட்டிவிட்டார். அந்தப் பல்லால் கரும்பு கடிக்கக்கூடாது, மல்லாட்டை உடைக்கக்கூடாது, அவ்வளவுதான். எப்படி உடைந்தது என்று அவரும் கேட்டார். சின்ன வயதில் விழுந்துவிட்டேன் என்று கிருஷ்ணவேணி எனக்காக ஆரம்பித்தாள். நான் குறுக்கிட்டு, “நான்தாங்க எறிஞ்சேன், பெத்த அப்பன்” என்றேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். பெண் பெரியவளானபோதே கூட்டி வந்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார். இதற்காகவா பன்னிரண்டு வருஷம் பயந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் என்னவோ சொல்ல, உன் தங்கை சிரித்தாள். சிரித்ததும் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அஞ்சம்மாள் நேற்று ஆள் அனுப்பினாள். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாமாம், பெண்ணின் அண்ணன் வருவாரா என்று கேட்டுவரச் சொன்னாளாம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட அண்ணன் வந்து நின்றால்தான் மணையில் உட்காருவேன் என்று கிருஷ்ணவேணி ஒரே பிடியாக இருக்கிறாள். நீ கல்யாணம் முடிந்து போனவன், இரண்டு வருஷமாக லீவு இல்லை என்றே எழுதுகிறாய். லீவு ஒரு சாக்கு, நீ வராததற்குக் காரணம் நான்தான் என்பது எனக்குத் தெரியும். என் முகத்துக்காக வர வேண்டாம், அவளுக்காக வா.

கரும்பைக் கண்டால் அவள் சும்மா இருக்கமாட்டாள், நீயும் ஒரு வார்த்தை எழுதிக் கண்டித்து வை. உன் கல்யாணத்தன்று பாஞ்சாலி நாத்தனாரின் பல்லைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, நான்தான் தள்ளிவிட்டேன் என்று நீயே சொன்னாய். நான் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றேன். இந்தக் கடிதத்தைப் பாஞ்சாலிக்கு ஒரு வரி விடாமல் படித்துக்காட்டு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் அங்காளம்மன் காப்பாற்றட்டும், என் கணக்கை அவள் என்னோடு வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா இதுவரை எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் பெயருக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன். “அடிச்ச எடத்துல ஒரு தபா கை வச்சிப் பாக்கணும். வா கண்ணு.”

உன் அப்பா,
பச்சைமுத்து