கிளம்பிப் போனவர்

ஐப்பசி, செவ்வாய் இரவு. பாகூர்.

என் வீட்டுக்காரர் பிறந்தது இதே ஊரில்தான். ஆனால் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பதால் இங்கே தங்க விசா வேண்டும். இந்த வாரத்தோடு அது முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி இன்று இருவரும் புதுச்சேரி விசா ஆபீசுக்குப் போனோம்.

அங்கிருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இவரு போன மாசமே சென்னையில பிளைட் ஏறிட்டாரும்மா. நாட்டுல இல்லாதவருக்கு இன்னான்னு நீட்டிக்கிறது?" என்றார்.

"எதிர்லதானே குந்திக்கினு இருக்காரு!" என்றேன்.

அந்த அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். ஏர்போர்ட் கவுன்டரில் எடுத்த படம். இதே முகம். நான் காலர் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. போன மாதம் முழுக்க இவர் காய்ச்சலில் படுக்கையை விட்டு எழவேயில்லை. பாஸ்போர்ட்டிலும் கிளம்பிய முத்திரை இல்லை.

"விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"அந்த ஏர்போர்ட்டுல ரொம்ப குளிரு. நீயும் வந்திருக்கலாம்டி."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். இப்போது அவர் உள்ளே தூங்குகிறார். நான் இங்கே கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.